கிரான் இறக்கம்

எங்கள் தீவில் எரிமலை இல்லை. ஒருகாலத்தில் எரிந்து அணைந்ததென்று காட்டக்கூடிய மலைவாயும் இல்லை. கிழக்குக் கரையின் அடிப்பாறை ஏறக்குறைய 100 கோடி ஆண்டுப் பழையது. நிலத்துக்குள் வெகு ஆழத்தில் வெந்தும் நெரிந்தும் உருமாறி, மேலே இருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்துபோன பின் வெளியே வந்த கல் அது. மகா ஓயாவிலும் கன்னியாவிலும் வெந்நீர் ஊறுவதைப் பார்த்தவர்கள் அடியில் நெருப்பு இருக்கிறது என்பார்கள். மழைநீர் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, பூமியின் உள்வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறிவருகிறது. எரிமலைக்கு அதில் பங்கில்லை.

ஆகவே முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எரிமலைவாய் ஏரி பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகள் கடல் தாண்டித்தான் போக வேண்டும். போகிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களை நேரமெடுத்துப் பார்ப்பேன். மலை விளிம்பில் ஓர் ஆள் நிற்பார். கீழே நீர் முழுவதும் தெரியும். அந்த ஏரிகள் தருகிற பெரிய கொடை அந்த விளிம்புதான் என்று நினைக்கிறேன். ஏறி முடித்தவருக்கு ஒரே பார்வையில் எல்லாம் கிடைத்துவிடுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு விளிம்பு கிடையாது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற நீர் அது. எங்கே நின்றாலும் எதிரே இருக்கிற துண்டுதான் தெரியும். கல்லடிப் பாலத்தில் ஒரு துண்டு, மண்முனையில் இன்னொன்று, சந்திவெளித் துறையில் மற்றொன்று. முழுவதையும் காண அதன் கரையில் மேடு இல்லை. அந்தத் துண்டுகளைத் தேடித்தான் நான் பஸ் ஏறுகிறேன்.

*

மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனை பஸ். சிவப்பு இ.போ.ச. வண்டி நின்றால் அதில் ஏறுவேன். இல்லையென்றால் தனியார் வண்டி. பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், இருக்கையில் வைத்தால் ஒருவரின் இடம் போய்விடும். கொழும்பிலிருந்து கோச்சியில் வருகிறவர்கள் வாழைச்சேனையில் இறங்கி, அங்கிருந்து எதிர்த்திசையில் பஸ் பிடித்தால் கிரானும் சந்திவெளியும் கிட்டம். நான் தெற்கிலிருந்து வருவதையே விரும்புகிறேன். அந்த வீதியில் ஊர்கள் ஒன்றை அடுத்து ஒன்றாக வருவதைக் கேட்பதற்காக.

பிள்ளையாரடி, தன்னாமுனை, மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, சந்திவெளி, கிரான். கொண்டக்டர் இவற்றைச் சொல்லும் வேகத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே மூச்சில் வந்துவிடும். செங்கலடியில் பதுளை வீதி மேற்கே பிரிகிறது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இறங்குவார்கள். பஸ்ஸில் காற்று வரும். சித்தாண்டி முருகன் கோயில் வந்ததும் நின்றுகொண்டிருப்பவர்கள்கூட ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள்.

இதே வீதியில் 1990ஆம் ஆண்டும் இருக்கிறது. அந்த ஓகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் இரவில் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலையில் குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வாவி எப்போது தெரியும் என்று பார்த்துக்கொண்டு போகிற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயதான மனிதர் அந்த இடங்களைக் கடக்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது தெரியும். அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. சேர்ந்து போகிறேன்.

வாடகை வாகனத்தில் வந்தால் இந்தத் தூரம் வெறும் தூரமாகிவிடும். பஸ்ஸில் அது ஆட்களால் ஆனது. ஒவ்வொரு தரிப்பிலும் ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, நான் பார்க்கப் போகிற நீர் யாருடையது என்று கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டு வருகிறது.

*

சந்திவெளியில் இறங்கி மேற்கே போனால் துறை. எதிர்க்கரை திகிலிவெட்டை.

எங்கள் ஆட்கள் வாவியின் கிழக்கை எழுவான்கரை என்றும் மேற்கைப் படுவான்கரை என்றும் சொல்வார்கள். சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். எழுவான்கரையில் வீதி, புகையிரதப் பாதை, வைத்தியசாலை, பெரிய பள்ளிக்கூடங்கள், சந்தை. படுவான்கரையில் வயல், குளம், மாடு, காடு. ஊருக்குச் சோறு அங்கிருந்து வருகிறது. அங்கிருப்பவர்களுக்கு மருந்தும் சம்பளமும் கடிதமும் இங்கிருந்து போகின்றன. நடுவில் நீர்.

துறையில் நிற்கிறவர்கள் அதை ஆறு என்கிறார்கள். அடுத்தடுத்துக் கட்டிய வள்ளங்களின் மேல் பலகை பரப்பிய கலம் பாதை. மோட்டார் சைக்கிளும் ஏறும், நெல் மூட்டையும் ஏறும்.

"பாதை அக்கரைக்குப் போயிட்டு மனே. மறுகா வரும், இருங்க" என்றார் ஓர் அம்மா. கையில் பிள்ளையின் கிளினிக் அட்டை, பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கான். இன்னும் சிலர் நின்றார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே குடை பிடித்திருந்த ஆசிரியை. இரண்டு அலுமினியப் பால்கான்களும் வெறுமையாகத் தொங்கும் மோட்டார் சைக்கிளோடு ஒருவர்; காலையில் நிறைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். பசளைப் பையின் மேல் உட்கார்ந்திருந்த ஐயா ஒருவர்.

இவர்களோடு காத்திருக்கும் நேரத்தைத்தான் நான் இந்தப் பயணத்தின் நடு என்று எண்ணுகிறேன். நீர் அசைவில்லாமல் இருக்கும். அக்கரையில் பாதை நிற்கிறதா நகர்கிறதா என்று கண் கூசும்வரை பார்க்க வேண்டியிருக்கும். பிறகு அது நகர்கிறது என்பது தெரியும், ஆனால் வந்து சேர்வதில்லை, வந்துகொண்டே இருக்கிறது. வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் மனம் ஓரிடத்தில் இருக்கும். கரையோரம் கண்ணா மரங்களும் தில்லை மரங்களும் நிழல் விழுத்தி நிற்கின்றன. நீர்க்காகம் ஒன்று கம்பத்தில் சிறகை விரித்துக் காயவைக்கிறது. மீன்காரர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலையை ஒரு கையால் தடவிக்கொண்டு போகிறார். எங்கே சிக்கியிருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது.

அந்த அம்மா என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க மனே போறீங்க? ஆரும் சொந்தக்காரரா அங்க?"

"இல்லையம்மா. ஆத்தப் பாக்க வந்த."

"பாருங்க, நல்லாப் பாருங்க. மாரிக்க வந்தா அது உங்களப் பாக்கும்."

*

அவர் சொன்ன மாரி ஒக்டோபரில் தொடங்கித் தை வரை. முந்தனை ஆறு தன் வெள்ளத்தை வாவிக்குக் கொண்டுவரும். வடக்கே மாதுறு ஓயாவும் பெருகும். இரண்டுக்கும் இடையில் தாழ்ந்து கிடக்கிற கிரான் மேற்கு அப்படியே நீருக்குள் போகும். கிரான் சந்தியிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற வீதியை நீர் மூடும், பாலமும் மூடும். உழவு இயந்திரத்தில் கொஞ்ச நாள் போவார்கள், பிறகு அதுவும் முடியாது, படகு. முறுத்தானை, பூலாக்காடு, பொண்டுகள்சேனை, பேரில்லாவெளி என்று உள்ளே இருக்கிற ஊர்களுக்கு அரிசி படகில் போகும். பரீட்சை எழுதும் பிள்ளை படகில் வரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இந்தப் பக்கம் வயலும் வாவியும் பிரித்தறிய முடியாமல் கிடந்தன. முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அதையும் தாண்டி 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சூறாவளியைச் சொல்லும்போது அவர்களின் குரல் தாழ்வதில்லை, உயர்கிறது. காற்றுக்கு மேலால் கத்திப் பேசிய அன்றைய பழக்கம் இன்னும் தொண்டையில் இருக்கிறது.

எரிமலைவாய் ஏரி ஒருமுறை பிறந்தது. பிறந்த வடிவத்தில் நீண்ட காலம் இருக்கும். வாவி அப்படியில்லை. கடைசிப் பனிக்காலம் முடிந்து கடல் உயர்ந்தபோது தாழ்ந்த நிலத்துக்குள் நீர் புகுந்தது. அலை மணலை வாரிவந்து வாசலில் குவித்தது. உள்ளே இருந்தது வாவியானது. அந்த வேலை இன்றும் முடியவில்லை. கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைக்கும். மாரியில் ஆற்றுநீர் வந்து முட்டும். தானாக உடையாவிட்டால் ஆட்கள் வெட்டிவிடுவார்கள்.

வெட்டுகிற நாளைப் பற்றி ஒவ்வொரு வருடமும் பேச்சு எழும். வயல் மூழ்குகிறது, உடனே வெட்டுங்கள் என்பார்கள் விவசாயிகள். இப்போது வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்பார்கள் வாவி மீனவர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. முகத்துவாரத்திலிருந்து இவ்வளவு தூரத்தில், சந்திவெளிக் கரையில் நீர் ஒரு சாண் கூடுவதும் குறைவதும் அங்கே மணலில் எடுக்கிற முடிவோடும் சேர்ந்தது. நான் எதிரே காண்கிற அமைதியான நீர்மட்டம் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசி, விட்டுக்கொடுத்து, சில வேளை கோபித்துக்கொண்டு வைத்திருக்கிற மட்டமும்கூட. இதை அறிந்த பின் அந்த நீரை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

*

இந்தக் கரையிலிருந்து கிழக்கும் தெற்குமாக, வங்காள விரிகுடாவைத் தாண்டி ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர் போனால் சுமாத்திரா. அங்கே தோபா ஏரி இருக்கிறது. உலகின் எரிமலை ஏரிகளில் எல்லாம் பெரியது அது: 100 கிலோமீற்றர் நீளம், 30 கிலோமீற்றர் அகலம், 500 மீற்றருக்கு மேல் ஆழம். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் அந்த எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் கடல் தாண்டி வந்து ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் இன்றும் வெள்ளைப் படுகையாகக் கிடக்கிறது. பிள்ளைகள் மேடானிலிருந்து பஸ் பிடித்துப் பராபத் போய், அங்கே படகேறி ஏரிக்கு நடுவில் இருக்கிற சமோசிர் தீவில் இறங்குகிறார்கள். அந்தப் படகிலும் மரக்கறிக் கூடைகளும் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பதைப் படங்களில் கண்டேன், சந்தோஷமாக இருந்தது.

தோபாவை வேறு ஊர்க் கதையாக என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. சுமாத்திராவுக்கு அடியில், பாய்க்குக் கீழே இன்னொரு பாய் நுழைவதுபோல, இந்துசமுத்திரத் தட்டு புகுந்துகொண்டிருக்கிறது. புகுந்தது ஆழத்தில் பாறையை உருக வைக்க, அந்த உருக்கு மேலே வந்து தோபாவானது. அதே தட்டு, அதே எல்லைக்கோடு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் நேரம் காலை 6.58க்கு ஒரேயடியாக நழுவியது. இரண்டு மணி நேரத்துக்குள் கடல் எங்கள் கிழக்குக் கரையில் ஏறியது. கிரானிலிருந்து சில கிலோமீற்றர் வடகிழக்கே இருக்கிற கல்குடா, தெற்கே நாவலடி, கல்லடி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல்திட்டில் இருந்த நாவலடி மக்களுக்கு ஓட இடம் இருக்கவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி.

எரிமலைகளின் அழகான ஏரியும் எங்கள் ஊர்களின் அந்தக் காலையும் ஒரே அசைவின் இரண்டு வேலைகள். இதை அறிந்துகொண்ட நாளிலிருந்து, தோபாவின் படத்தில் அந்த நீலத்தைப் பார்க்கும்போது நாவலடியும் சேர்ந்தே தெரிகிறது. அங்கே போகக்கூடாது என்று யாருக்கும் சொல்லமாட்டேன். போகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்கிற பழைய கர்ப்பூரத் துறையையும் பாருங்கள். அங்கே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. ஏரிக்கு வடக்கே கரோ மக்களிடம் சோழியா, பாண்டியா, மெலியாலா என்று இன்னும் குலப்பெயர்கள் இருக்கின்றன. கர்ப்பூரத்துக்காகப் போன அந்த மனிதர்களும் அன்றைய பொதுக்கலங்களில், பொதிகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்துதான் போயிருப்பார்கள்.

*

பாதை வந்தது. ஏறினோம். நடு நீரில் மேற்கே பார்த்தால், தெளிவான நாளில், குடும்பிமலை தெரியும். தலைமுடியை அள்ளி முடிந்ததுபோல் உச்சி. சுமார் 530 மீற்றர். சிங்களத்தில் தொப்பிகல. எரிமலை என்று நினைக்கத் தோன்றும் வடிவம், ஆனால் அதுவும் அந்தப் பழைய பாறையின் மிச்சம். சுற்றியிருந்தது கரைந்துபோக இது நின்றுவிட்டது. 2007 யூலையில் அந்த மலையின் பெயர் நாட்டின் எல்லாச் செய்திகளிலும் வந்தது, போர்வெற்றியாக. அதற்கு முந்திய மாதங்களில் படுவான்கரை மக்கள் கையில் கிடைத்ததோடு இந்த நீரைத் தாண்டி எழுவான்கரைக்கு வந்து கூடாரங்களில் இருந்தார்கள் என்பது அவ்வளவாக வரவில்லை.

மலைக்குத் தெற்கேயும் மேற்கேயும் மயிலத்தமடு, மாதவனை. பெரும்போகம் விதைத்ததும் வயலோரம் மாடு நிற்க முடியாது. அங்கே கொண்டுபோய்விட வேண்டும். தலைமுறைகளாக அப்படித்தான். அந்த மேய்ச்சல் தரையில் வெளியிலிருந்து வந்து பயிர்செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் போகும்போது அந்தக் கொட்டிலைக் கண்டிருக்கிறேன். பால்கான்காரர் அருகில் நின்றதால் மாடுகளைப் பற்றிக் கேட்டேன்.

"நிக்கிது தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தின நாளைக்கு நிக்குமோ தெரியாது" என்றார்.

மட்டக்களப்புத் தயிரைச் சட்டியோடு வாங்கி ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் புல்வெளியில் பங்கிருக்கிறது. அவர்களுக்காகவாவது இதை எழுதிவைக்கிறேன்.

*

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசியிலிருந்து ஆவணி வரை வாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக அடிக்கும். தலையில் துணி இருக்கட்டும், தண்ணீர் கூடக் கொண்டுவாருங்கள். காலையில் பள்ளி நேரத்துக்கு முன்னால் துறைக்கு வர வேண்டாம்; அது பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய நேரம், உங்கள் பையும் நீங்களும் பிடிக்கிற இடம் ஒருவரைப் பிந்தவைக்கும். வெயில் ஏறியபின் இடம் இருக்கும். அக்கரைக் கடையில் பிளேன்டீ குடியுங்கள், கடைசிப் பாதை எப்போது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வலை இழுக்கிறவரைப் படம் எடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள்; பெரும்பாலும் சிரித்துக்கொண்டு ஓம் என்பார்கள். சிலர் மாட்டார்கள். அவர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கும், இந்த மாவட்டத்தில் படம் பிடிக்கப்பட்டவர்களுக்கு என்ன நடந்ததென்று அறிந்த காரணம்.

*

அக்கரையில் இறங்கும்போது அந்த அம்மா தன் மகளைப் பற்றிச் சொன்னார். மாரிகாலம், இரவு, வயிற்றுவலி தொடங்கிவிட்டது. பாதைக்காரரை எழுப்பி, விளக்கைப் பிடித்துக்கொண்டு, நடு ஆற்றில் மழை. சந்திவெளிக் கரையில் ஓட்டோ நின்றது. பிள்ளை வைத்தியசாலையில்தான் பிறந்தது. கிளினிக் அட்டை அந்தப் பிள்ளையுடையது.

"பாலம் ஒண்டு போட்டுத் தந்தாங்கண்டா போதும் மனே" என்றார்.

அவர் சொன்னதிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இவ்வளவு கொடுக்கிற அந்தக் காத்திருப்பு, கண் கூசும்வரை அக்கரையைப் பார்த்து நிற்கிற அந்த நேரம், அவர் மகளுக்கு அன்று இரவு என்னவாக இருந்திருக்கும். மண்முனையில் 2014இல் யப்பான் உதவியோடு பாலம் வந்தது. அதுவரை கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்களும் பாதையில்தான் கடந்தார்கள். தான்தோன்றீசுவரர் தேர்த்திருவிழாவுக்குத் துறையில் சனம் நெருக்கியடிக்கும். இப்போது பஸ் நேரே போகிறது, அம்புலன்ஸும் போகிறது. அங்கே பாதையில் கடந்த நினைவை ஆசையோடு பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பாலம் வேண்டாம் என்று சொன்ன படுவான்கரை ஆளை ஒருநாளும் கண்டதில்லை.

திகிலிவெட்டைக்கும் அப்படி ஒன்று வேண்டும். கிரான் புலிபாய்ந்தகல் வீதியும் மாரியில் நீருக்கு மேலே நிற்கும்படி உயர வேண்டும். துறை இல்லாமற் போனாலும் பரவாயில்லை, அன்றைக்கும் நான் வருவேன். பஸ்ஸில் ஆற்றைக் கடப்பேன், ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும்.